பத்து முறை ஆயுள் முழுவதும்

வாலென்ட்டி கூராஸ் நாற்பத்தைந்து வயதுக்குள், ஊரே கைவிட்ட பிறகும் வென்றெடுத்தவை எவையெவை என்று அவன் அக்கா ரொஸாலியாவைக் கேட்டால் விரல் மடக்கிச் சொல்வாள்.

முதலாவது, உயிர். ஏழாம் மாதத்தில், ஜனவரிப் பனியில் பிறந்தான். மருத்துவச்சி பார்த்த மாத்திரத்தில் அவசர ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு, இனித் தனக்கு வேலை இல்லை என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். ரொட்டி அடுப்பின் மேல், வாத்து இறகுத் தலையணைக்குள் பொதிந்து வைத்தார்கள். ஐந்து வயது ரொஸாலியா மூன்று வாரம் பக்கத்திலேயே உட்கார்ந்து, மூச்சு வருகிறதா என்று அவன் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த விரலை அவள் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

இரண்டாவது, எழுத்தறிவுச் சான்றிதழ். போர் முடிந்து, படிக்காத பெரியவர்களுக்கெல்லாம் அரசாங்கம் மாலை வகுப்பு வைத்த காலம். ஆறு மாத வகுப்பில் அவன் போனது நான்கு நாள். நான்காம் வகுப்புவரை படித்த ரொஸாலியா அவன் நோட்டை வரிக்கு வரி நிரப்பிக் கொடுத்தாள். கையெழுத்து அழகுக்காகத் தனிப் பாராட்டும் வந்தது. சான்றிதழைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக வாலென்ட்டி தாளில் மூன்று சிலுவைக்குறி போட்டுவிட்டு வந்தான். கையெழுத்து எங்கே என்று அதிகாரி கேட்கவில்லை. அவருக்கும் எண்ணிக்கை நிறைய வேண்டியிருந்தது.

மூன்றாவது, ஸ்தெஃபா. மாவு மில்காரரின் ஒரே மகள். "உன் தம்பிக்குக் குடுக்குறதுக்குப் பதிலா இவள நானே ஆத்துல தள்ளிடுவேன்" என்றவர், ரொஸாலியா ஒன்பது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வழிமறித்துப் பேசியதில் காது வலித்துச் சம்மதித்தார். வென்றது வாலென்ட்டிதான். பேசியது மட்டும் அக்கா.

நான்காவது, தொழிலில் பெயர். வோலிட்சாவிலும் சுற்றியுள்ள நாலு ஊரிலும் பன்றி அறுக்க வேண்டுமென்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவன் கத்திக்குப் பன்றி இரண்டாம் முறை கத்தாது.

ஐந்தாவது, எட்டுக் கால்விரல்கள். நான்கு வருடத்துக்கு முன் ஓர் அறுப்பு முடிந்து வரும் வழியில், முச்சந்திச் சிலுவையின் அடியில் பனியில் படுத்துவிட்டான். ஆண்டவர் காலடியில் படுத்ததால் இரண்டு விரலோடு போயிற்று என்பது ரொஸாலியாவின் கணக்கு. மருத்துவரின் கணக்கு வேறு. "அடுத்த தடவை விரலோட விடாதும்மா, ஆளையே எடுத்துடும்" என்றார் அவர்.

ஆறாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. பங்குக் கோவிலின் மதுவிலக்குப் புத்தகத்தில், பத்து ஆண்டுகள் ஓர் ஆண்டுகூடத் தவறாமல் பெயர் எழுதிய ஒரே ஆள் அவன். அந்தப் பத்து ஆண்டுகளில் அவன் தொடர்ந்து குடிக்காமல் இருந்த மிக நீண்ட காலம் பதினொரு நாள். அதிலும் நாலு நாள், கால்விரலுக்காக ஆஸ்பத்திரியில்.

இது எப்படி நடந்தது என்றால், மிகச் சுலபமாக நடந்தது.

ஒவ்வோர் ஆகஸ்டிலும் மாதா பலிபீடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை போட்டு அந்தத் தடித்த புத்தகத்தைத் திறந்து வைப்பார்கள். குடியை விட நினைப்பவன் வந்து தேதி, பெயர், எத்தனை காலத்துக்கு என்று மூன்று கட்டத்தில் எழுத வேண்டும். ஒரு மாதம் என்று எழுதலாம், ஒரு வருடம் என்று எழுதலாம். வோலிட்சாவின் ஆண்கள் ஆகஸ்ட் மாதம் முழுவதும் அந்தப் பக்கம் போகாமல், வலது பக்கக் கதவு வழியாகவே கோவிலுக்குள் வந்துபோவார்கள். வாலென்ட்டி வலது பக்கக் கதவு வழியாகவும் அபூர்வமாகத்தான் வந்தான்.

மேசைக்குப் பூ மாற்றுவது ரொஸாலியாவின் பொறுப்பு. பூவை மாற்றினாள். பேனா சும்மா கிடந்தது. முதல் வருடம் கை நடுங்கியது என்று சொல்ல ஆசைதான், ஆனால் நடுங்கவில்லை. ஸ்கூல் நோட்டில் எழுதிய அதே வட்ட எழுத்தில் "வாலென்ட்டி கூராஸ்" என்று எழுதி, மூன்றாவது கட்டத்தில் "ஆயுள் முழுவதும்" என்று போட்டாள். தம்பிக்கு ஒன்று செய்யும்போது கஞ்சத்தனம் பார்ப்பது அவள் வழக்கமில்லை. அடுத்த வருடமும் அதையே எழுதினாள். ஓர் ஆளுக்கு ஓர் ஆயுள்தானே, அதைப் பத்து முறை எப்படிக் கொடுக்க முடியும் என்ற யோசனை அவளுக்கு வரவில்லை. பழைய பங்குச்சாமியாருக்கும் வரவில்லை. அவருக்குக் கண் மங்கல், காது அதைவிட.

காது மங்கலாக இருந்ததில் இன்னொரு வசதியும் இருந்தது. மாதம் முதல் வெள்ளி ரொஸாலியா, தன் பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவாள். தன் வீட்டுச் சமையலறையில் தொங்கும் தினம் கிழிக்கும் காலண்டரில், பக்கத்து வீட்டில் இருக்கும் தம்பி குடித்த நாளுக்குச் சிலுவையும் குடிக்காத நாளுக்கு வட்டமும் போட்டு வைத்திருப்பாள். கிழித்த தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு போய் முழந்தாளிட்டு, செவ்வாய் அங்கே குடித்தான், வியாழன் இங்கே குடித்தான், சனிக்கிழமை ஸ்தெஃபாவைத் திட்டினான் என்று வரிசையாகச் சொல்வாள். கிழவர் அரைத் தூக்கத்தில் பாவப்பொறுத்தல் கொடுத்து மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொல்வார். அவள் ஆறு சொல்வாள். இப்படி இருபது வருடம் வாலென்ட்டியின் ஆத்துமம் அவனைத் தொந்தரவு செய்யாமலே சுத்தமாகிக்கொண்டிருந்தது.

1973 ஜூனில் கிழவர் ஓய்வு பெற்றுப் போக, ஹிப்போலித் சாமியார் வந்தார். முப்பத்தாறு வயது. நல்ல காது, நல்ல கண், ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாத நல்ல மனது.

ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாள். பெண்கள் எல்லாரும் மந்திரிக்க மூலிகைக் கட்டும் கசகசாக் காயும் கொண்டுவந்திருந்தார்கள். கோவில் முழுக்கப் புதினா வாசனை. பிரசங்கம் முடியும் நேரத்தில் சாமியார் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தார்.

"இந்தப் பங்கைப் பற்றி என்னிடம் நிறையக் குறை சொன்னார்கள்" என்றார். "ஆனால் இந்தப் புத்தகத்தைப் படித்தபோது எனக்குக் கண்ணீர் வந்தது. இங்கே ஒரு மனிதர் பத்து ஆண்டுகளாக ஆண்டுதோறும் வந்து, தம் வாழ்நாளையே மாதாவுக்குக் கொடுத்திருக்கிறார். அதுவும் எப்படிப்பட்ட கையெழுத்து! அமைதியான, நிதானமான கை. குடியை வென்ற மனிதனின் கை இப்படித்தான் இருக்கும். வாலென்ட்டி கூராஸ் இங்கே இருக்கிறாரா?"

பின்வரிசையில் யாரோ இருமுவது போலச் சிரித்தார்கள். அந்த இருமல் பாடகர் மேடைவரை பரவியது.

வாலென்ட்டி இருந்தான். திருநாள் என்பதால் ஸ்தெஃபா இழுத்து வந்திருந்தாள். தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தவன், தன் பெயர் கேட்டு நிமிர்ந்தான். முந்தைய நாள் இரவு முழுக்கக் குடித்ததன் அடையாளங்கள் அவன் கண்ணிலும் மூக்கிலும் அப்படியே இருந்தன.

"இருக்கார் சாமி!" என்று ஊர்த்தலைவர் க்விரின் எழுந்து நின்று கத்தினார். "அமைதியா, நிதானமா சாஞ்சிருக்கார் பாருங்க!"

கோவில் வெடித்தது. ரொஸாலியா மூலிகைக் கட்டுக்குள் முகத்தைப் புதைத்தாள். அப்போதுகூட அவள் மனதின் ஒரு மூலை, கையெழுத்தைப் பாராட்டினார் அல்லவா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

பூசை முடிந்து அவள் சமையலறைக்கு வந்து சேர்வதற்குள் தம்பி அங்கே உட்கார்ந்திருந்தான். பின்னாலேயே ஸ்தெஃபா, இடுப்பில் கை வைத்தபடி கதவடியில்.

"அக்கா, நான் எத்தன தடவ சத்தியம் பண்ணிருக்கேன்?"

"பத்து."

"அதுல எத்தன மீறியிருக்கேன்?"

"பத்தும்தான். ஆனா மூணாவது வருஷம் ஒரு வாரம் முழுசா தாங்குனே தம்பி. ஏழு வட்டம்."

"அது நான் வயித்துப்போக்கு வந்து கெடந்தது."

"வட்டம் வட்டம்தான்டா. நான் போட்டு வச்சிருக்கேன்."

ஸ்தெஃபாவால் பொறுக்க முடியவில்லை. "ஏன் அண்ணி, பத்து வருஷமா என் வீட்டுக்காரரு இந்த ஜில்லாவுலயே பெரிய யோக்கியராமே! எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? அது தெரியாம நான் வாரா வாரம் அவர் பூட்ஸக் கழட்டிக்கிட்டு கெடந்தேனே!"

"உன் புருஷன் ஆத்துமத்துக்காகத்தான் செஞ்சேன்."

"அவர் ஆத்துமத்த நீங்க வச்சுக்கிட்டு, உடம்ப மட்டும் எங்கிட்ட அனுப்புனீங்க. அதுவும் எந்த நெலமைல!"

வாலென்ட்டி சிரிக்கவில்லை. அதுதான் ரொஸாலியாவைப் பயமுறுத்தியது. அவன் எதற்கும் சிரிப்பவன்.

"திட்டு வாங்கி எனக்குப் பழக்கம்க்கா" என்றான். "நான் செஞ்சதுக்குத் திட்டுறாங்க, வாங்கிக்கறேன். செய்யாத புண்ணியத்துக்கு இன்னைக்கு என்னப் பாராட்டிட்டாங்க பாரு, அதத்தான் தாங்க முடியல."

நேரே எழுந்து பங்குச்சாமியார் வீட்டுக்குப் போனான். பெயரை அழிக்கச் சொன்னான். ஹிப்போலித் சாமியாரிடம் அதற்குள் ஊரே விஷயத்தைச் சொல்லிவிட்டிருந்தது. காது சிவந்து உட்கார்ந்திருந்தார்.

"அழிக்கக் கூடாதுங்க" என்றார். "இந்தப் பத்துக்குக் கீழே ஒரு வரி காலியா விடறேன். அது உங்க கைக்கு. வந்தா வாங்க. வராட்டி அது அப்படியே கெடக்கட்டும், நான் யாரையும் அதுல எழுத விடமாட்டேன். குறிப்பா உங்க அக்காவ."

"எனக்கு எழுதத் தெரியாது சாமி."

"சான்றிதழ் இருக்குன்னு கேள்விப்பட்டேனே?"

"அதுவும் அக்காவோடதுதான்."

ரொஸாலியா அடுத்த முதல் வெள்ளி வழக்கம்போல் தாள் அடுக்கோடு போனாள். பாவசங்கீர்த்தனக் கூண்டின் வலைக்கு அந்தப் பக்கம் இருந்த நல்ல காது ஐந்தாவது சிலுவைவரை பொறுமையாகக் கேட்டது.

"அம்மா, இதெல்லாம் யார் செஞ்ச பாவம்?"

"என் தம்பி சாமி."

"சரி. உங்களோடது?"

ரொஸாலியா யோசித்தாள். நேர்மையாகத்தான் யோசித்தாள். பூசை தவறவில்லை. நோன்பு தவறவில்லை. புறம் பேசவில்லை, தம்பியைப் பற்றிப் பேசுவது புறம் பேசுவதாகாது. கடைசியில் சொன்னாள்: "எனக்கு ஏது சாமி அதுக்கெல்லாம் நேரம்?"

வலைக்கு அந்தப் பக்கம் நீண்ட மூச்சு கேட்டது. "பாவம் இல்லாதவங்களுக்கு நான் எதைப் பொறுக்கறது? ஒண்ணு செய்யுங்க. இன்னையிலிருந்து தம்பிகிட்ட குடிச்சியான்னு கேக்காதீங்க. வாயை மோந்து பாக்காதீங்க. காலண்டர்ல எதுவும் போடாதீங்க. அவருக்காக எதுலயும் எழுதாதீங்க. இதுதான் அபராதம். இதைச் செஞ்சுக்கிட்டே உங்க பாவத்தத் தேடுங்க. கெடச்சதும் வாங்க, பாவப்பொறுத்தல் தரேன்."

"அவ்வளவுதானா?" என்றாள் ரொஸாலியா. இருபது வருடமாகத் தம்பிக்காக இரண்டு மடங்கு ஜெபம் சொன்னவளுக்கு இது ஓர் அபராதமா? வீட்டுக்கு வரும் வழியில் அந்தப் புதுச் சாமியாரை நினைத்துக் கொஞ்சம் பரிதாபப்பட்டாள்கூட.

முதல் நாள் நன்றாகப் போயிற்று. இரண்டாம் நாள் மாலையில் தம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நடப்பதைச் சன்னலில் பார்த்தாள். அவன் வேலியைச் சும்மாவும் பிடித்துக்கொண்டு நடப்பான், கால்விரல் இல்லாததால். எதற்காகப் பிடிக்கிறான் என்று தெரியாமல் அன்று உருளைக்கிழங்கைக் கருக விட்டாள். மூன்றாம் நாள் மதியம் திராட்சைப் புதரோரம் உட்கார்ந்து களை பிடுங்கினாள். அங்கே களை இல்லை. அவன் அந்த வழியாகப் போனபோது எழுந்து, "காலர்ல என்னமோ பூச்சி" என்று சொல்லி முகத்தை அவன் முகத்தோடு ஒட்டக் கொண்டுபோய் ஆழமாக மூச்சு இழுத்தாள்.

"பூச்சி போயிடுச்சாக்கா?" என்றான் வாலென்ட்டி.

வெங்காய வாசனை. வெறும் வெங்காயம். ரொஸாலியாவுக்கு அப்பாடா என்று இருந்தது, உடனே விரல் விட்டு எண்ணினாள். மூன்று நாள்! பதினொரு நாள் தாங்கியவனைப் பார்த்து இருபது வருடம் தலையில் அடித்துக்கொண்டவள், மூன்றே நாளில் புதருக்குள் விழுந்து கிடந்தாள்.

அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழந்தாளிட்டாள். கையில் தாள் இல்லை.

"சாமி, நான் மோந்து பாத்துட்டேன்."

"எப்போ?"

"மூணாவது நாளே."

"இது யார் செஞ்ச பாவம்மா?"

ரொஸாலியா பல்லைக் கடித்தாள். "என்னோடது."

"அப்பாடா!" என்றது வலைக்கு அந்தப் பக்கக் குரல். பாவப்பொறுத்தல் கொடுக்கும்போது அதில் சிரிப்பு இருந்ததாகவே அவளுக்குப் பட்டது.

அதற்குப் பிறகு பாவங்களுக்குப் பஞ்சமே இல்லாமல் போயிற்று. ஒளிந்து நின்று பார்த்தது. அவன் கோட்டைத் துவைத்துத் தருவதாக வாங்கிப் பையைத் துழாவியது. காலண்டரில் சிலுவை போடாமல், சிலுவை போட வேண்டிய நாளின் ஓரத்தை லேசாக மடித்து வைத்தது. அவனிடம் கேட்பதற்குப் பதிலாக ஸ்தெஃபாவிடம் கேட்டது. "குடிகாரன் கடைய மாத்திக் குடிச்சா அது குடி இல்லையா?" என்றார் ஹிப்போலித் சாமியார். ஸ்தெஃபாவிடம் கேட்பதும் நின்றது.

ஆனால் ஸ்தெஃபா வாயை யாரும் பூட்டவில்லை. காலையில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சத்தமாகக் கோழிகளுக்குச் செய்தி சொல்ல ஆரம்பித்தாள். "கேட்டியாடி, புள்ளிக்காரி? உங்க ஐயா நேத்து நேரா வீட்டுக்கு வந்தாரு. இது யாருக்கும் நான் சொல்லல. அபராதத்துல இருக்கறவங்களுக்கு நான் ஏன் சொல்லப் போறேன்?"

இந்தப் பக்கம் ரொஸாலியா தன் வாத்துகளிடம் "நல்லது, நல்லது" என்றாள்.

நவம்பரில் அறுப்புக் காலம் தொடங்கியது. வோலிட்சாவில் பன்றி அறுப்பது சும்மா இல்லை. பன்றியைப் பட்டியிலிருந்து இழுக்கும்முன் வீட்டுக்காரர் அறுப்பவனுக்கு ஒரு கோப்பை கொடுக்க வேண்டும். கறி பிரித்து முடிந்ததும் இன்னொரு கோப்பை. நடுவில் குளிர் எவ்வளவோ அவ்வளவு. இதில் குறை வைத்தால், ரத்தமும் பார்லி நொய்யும் அடைத்த குடல் புளித்துப்போகும், தொடைக்கறியில் புழு வைக்கும் என்பது திருச்சபை போதிக்காமலே ஊர் முழுவதும் விசுவசித்த ஒரு சத்தியம்.

முதல் வீட்டிலேயே வாலென்ட்டி கோப்பையைக் கையில் வாங்கி, பன்றியின் தீனித்தொட்டியில் ஊற்றினான். "நான் தொழில் செய்யறவன், எனக்குத் தெம்பு இருக்கு. சாகப் போறது அது. அதுக்குக் குடுங்க" என்றான். பன்றி சந்தோஷமாகச் செத்தது. குடல் புளிக்கவில்லை. பதினாறு நாள் இப்படிப் போயிற்று. ஸ்தெஃபாவின் கோழிகளுக்குத் தினமும் நல்ல செய்தி.

பதினேழாம் நாள் ஊர்த்தலைவர் க்விரின் வீடு.

"பன்னிக்கு நான் வேற ஊத்தி வச்சிருக்கேன்" என்றார் க்விரின், இரண்டு கோப்பையை நீட்டி. கோவிலில் எழுந்து நின்று கத்திய அதே வாய். "இது உனக்கு. ஏன்யா, என்னமோ குடிக்காதவன் மாதிரி! உங்க அக்கா புஸ்தகத்துல எழுதுனா அது வேத வாக்கா? அவ உனக்குப் பதிலா மோட்சத்துக்கும் போய்க்குவா. நீ குடி!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வாலென்ட்டி குடித்தான். இரண்டையும் குடித்தான், பன்றியுடையதையும் சேர்த்து.

அன்று மாலை நான்கு மணிக்கு, பனி விழுந்துகொண்டிருக்க, அவன் இன்னும் வீடு வரவில்லை. வேலியோரம் கோழிகள் அடைந்துவிட்டன. ஸ்தெஃபா கோழிகளே இல்லாமல் பேசினாள்: "முச்சந்திக்குப் போறேன். வரீங்களா அண்ணி?"

"எனக்குத்தான் கேக்கக் கூடாதுன்னு..."

"கேக்க வேணாம். ஆளத் தூக்குங்க."

சிலுவையடியில்தான் இருந்தான், ஆனால் படுத்திருக்கவில்லை. உட்கார்ந்து, பூட்ஸ் கால் இரண்டையும் மாறி மாறித் தரையில் தட்டிக்கொண்டிருந்தான். "விரல எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்றான். "தூங்கிட்டா எட்டும் போயிடுமில்ல." இரண்டு பெண்களும் ஆளுக்கொரு கையைப் பிடித்தார்கள். வழி முழுவதும் ரொஸாலியா ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வந்தது நிறைய. நாக்கைக் கடித்ததில் உண்மையாகவே ரத்தம் வந்தது. அது அவள் வாழ்நாளின் மிகப் பெரிய தபசு என்று அவளே பின்னால் சொல்லிக்கொண்டாள். பிறகு அப்படிச் சொன்னது பெருமை என்று உணர்ந்து, அதையும் போய்ச் சொன்னாள்.

கிறிஸ்துமஸ் வந்தது, போயிற்று. ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளில் மந்திரித்த சாக்கட்டி கொடுத்தார்கள். வழக்கம்போல் எல்லாரும் வாசற்கதவின் மேல் ராஜாக்களின் முதலெழுத்துகளையும் வருடத்தையும் எழுதினார்கள். வாலென்ட்டி வீட்டுக் கதவில் எப்போதும் ரொஸாலியாதான் எழுதுவாள். இந்த வருடம் சாக்கட்டியோடு வேலிவரை போய்த் திரும்பி வந்தாள். அவன் கதவு காலியாக இருந்தது. பரவாயில்லை, ராஜாக்கள் வழி தெரிந்தவர்கள்.

பிப்ரவரியில் ஒரு மதியம் தன் தொடைக்கறி புகை பிடித்துவிட்டதா பார்க்கப் பொதுப் புகையறைக்குப் போனாள். கறுத்துப்போன கதவின் உள்பக்கம் வெள்ளையாக என்னவோ இருந்தது. கிட்டப் போனாள். எழுத்து. ஒரே பெயர், மேலிருந்து கீழாக முப்பது நாற்பது தடவை. மேலே இருந்தவை எழுத்தென்றே சொல்ல முடியாது, கோழி கிளறியது. கீழே வர வர நின்றன, ஆனால் ஒன்றையொன்று தோளில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் குடிகாரர்களைப் போல நின்றன. 'கூராஸ்' முழுவதும் வலது பக்கம் சரிந்து விழப் பார்த்தது. கதவின் அடியில் மிச்சச் சாக்கட்டி, மந்திரித்தது, கட்டைவிரல் அளவு. கதவில் அடித்திருந்த ஆணியில் எழுத்தறிவுச் சான்றிதழ் தொங்கியது. அதில் அவன் பெயரை அதிகாரி எழுதியிருந்தார். அதைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறான். இருபத்திரண்டு வருடம் கழித்து அந்தச் சான்றிதழ் ஒருவனுக்கு எழுத்தறிவு கொடுத்துக்கொண்டிருந்தது.

ரொஸாலியாவின் கை தன்னால் சாக்கட்டியை எடுத்தது. அந்தச் சரிந்த கடைசி எழுத்து ஒன்றை மட்டும். ஒரே கோடு. கொஞ்சம் நிமிர்த்தினால் போதும். யாருக்குத் தெரியப் போகிறது? அவனுக்கேகூட உதவிதானே? பத்து வருடம் சொன்ன அதே காரணங்கள், ஒன்றுகூடத் தேயாமல், புத்தம் புதிதாக வந்து வரிசையில் நின்றன.

கோடு போடவில்லை. சாக்கட்டியை இருந்த இடத்திலேயே, இருந்த வாக்கிலேயே வைத்தாள். இரண்டு கையையும் ஏப்ரனுக்கு உள்ளே முடிந்துகொண்டு, தொடைக்கறியைப் பார்க்கவே மறந்து திரும்பினாள்.

வாசலில் விறகுக் கட்டோடு வாலென்ட்டி நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை.

"கறி ஆயிடுச்சாக்கா?"

"பாக்கல" என்றாள். "கண்ணுல புகை."

அவன் விலகி வழி விட்டான்.

நோன்பு தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய செவ்வாய். அன்றோடு கறி, கொழுப்பு, பாட்டு, ஆட்டம் எல்லாவற்றுக்கும் நாற்பது நாள் விடுமுறை. அதனால் வோலிட்சாவில் நாற்பது நாளுக்கும் சேர்த்து அன்று ஒரே நாளில் குடிப்பார்கள். காலைப் பூசை முடிந்ததும் தீயணைப்புக் கொட்டகையில் பெஞ்சு போட்டுவிட்டார்கள். வாசலில் க்விரின் நின்று வருகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

வாலென்ட்டி கொட்டகைப் பக்கம் திரும்பவில்லை. கோவிலுக்குள் திரும்ப நடந்தான். போகும்போது ரொஸாலியாவைப் பார்த்து, "வாக்கா" என்றான்.

ஹிப்போலித் சாமியார் திருப்பண்ட அறையில் பூசை உடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். வாலென்ட்டி தொப்பியைக் கையில் பிடித்து நின்றான்.

"அந்தப் புஸ்தகம் சாமி. ஒரு வரி விட்டு வச்சேன்னீங்களே."

சாமியார் அலமாரியிலிருந்து எடுத்து வைத்தார். பக்கத்தைத் திருப்பினார். பத்து வரி வட்டமான, நிதானமான, அழகான எழுத்து. பத்து முறை ஆயுள் முழுவதும். அதற்கடியில் ஒரு வரி காலி.

"எத்தன நாளைக்குன்னு போடணும்?" என்றார் சாமியார்.

"இன்னைக்கு."

"இன்னைக்கு மட்டுமா?"

"நாளைக்கு எல்லாரும் நெத்தியில சாம்பல் பூசிட்டு சும்மாதான் இருப்பாங்க சாமி. அதுல என்ன பெருமை? இன்னைக்குத்தான் கஷ்டம். நாளைக்கு வேணும்னா நாளைக்கு வரேன்."

"நாளைக்கும் வருவீங்களா?"

"அத இன்னைக்கே கேக்காதீங்க" என்றான் வாலென்ட்டி. "அப்படிக் கேட்டுத்தான் எங்க அக்கா என்னப் பத்து தடவ மோட்சத்துக்கு அனுப்புனா."

ரொஸாலியா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரில் இருந்த போப்பாண்டவர் படத்தைப் பார்த்தாள். பேனாவைப் பன்றி அறுக்கும் கத்தியைப் போல முழுக் கையால் பிடித்து அவன் குனிந்தான். தாள் கீறும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கீறியது. மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அவளுக்கு அந்த மூச்சு தெரியும், ரொட்டி அடுப்பின் மேல் மூன்று வாரம் கேட்ட மூச்சு. போப்பாண்டவரின் தொப்பியில் எத்தனை தையல் என்று எண்ணினாள். எண்ணி முடித்து மீண்டும் எண்ணினாள். திரும்பவில்லை.

"ஆச்சு" என்றான்.

அப்போதுதான் திரும்பினாள். அவளுடைய பத்து வரிக்கும் கீழே, நடுக் கட்டத்தின் ஓரத்தில் முட்டிக்கொண்டு, 'வாலென்ட்டி கூராஸ்' வலது பக்கம் சரிந்து நின்றது. கீழே விழவில்லை. மூன்றாவது கட்டத்தில் 'இன்று' என்று இருந்தது, சாமியார் ஒரு தாளில் எழுதிக் காட்டியதைப் பார்த்து எழுதியது. அவ்வளவு அவலட்சணமான கையெழுத்தை ரொஸாலியா தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தேதி போடலியே" என்றார் சாமியார்.

வாலென்ட்டி நெற்றி வேர்வையைத் தொப்பியால் துடைத்தான். பேனாவை அக்காவிடம் நீட்டினான்.

"மூணு வார்த்தைக்கே ரெண்டு பன்னி அறுத்த மாதிரி ஆயிடுச்சு. தேதிய நீ போடு."

ரொஸாலியா சாமியாரைப் பார்த்தாள். அபராதம் அப்படியே இருந்தது, எதிலும் எழுதக் கூடாது.

"கேட்டுக்கிட்டுக் குடுக்கறார்ல?" என்றார் சாமியார். "போடுங்க."

முதல் முறையாக அவள் கை நடுங்கியது. முதல் கட்டத்துக்குள், கட்டத்தைத் தாண்டாமல், எழுதினாள்: 1974 பிப்ரவரி 26, செவ்வாய்க்கிழமை.